பின்வளவில் தோண்டிய எர்த் குழி

சேர்வர் பெட்டியோடு ஒரு சிறு புத்தகமும் வரும். பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் அகப்படுவது அதுதான். முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். தனியே தூக்காதே, பாரமானதை அடித்தட்டில் பூட்டு, மோதிரத்தைக் கழற்றிவை, எர்த் இல்லாத இடத்தில் மின்சாரம் கொடுக்காதே என்று எல்லாவற்றையும் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். கல்முனையில் கணினி பொருத்திப் பூட்டித் திரிகிறவர்களில் அதை முன்னட்டை முதல் பின்னட்டை வரை வாசித்தவன் நான் ஒருவன்தான் என்று அந்த நாட்களில் எனக்கு ஒரு மண்டைக்கனம் இருந்தது. தோண்டுகிற குழிக்குள் மனிசர் இருந்தால் என்ன செய்வது என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். வாப்பா கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாகக் கிடந்த காணியில் கல் வைத்துக் கட்டி, என் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தார். நிந்தவூரிலிருந்து மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்வது அவர் தொழில். கணினிப் பெட்டிகளைப் பூட்டுவது என் தொழில். அலுவலகங்களுக்கு இருவரும் சேர்ந்துதான் போவோம். வயர் அவருடையது, பெட்டி என்னுடையது. சுனாமியாகக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மூத்த மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நிந்தவூரில் தன் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். வீட்டில் தங்கச்சியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். குழந்தையின் ஜனாஸா அடுத்த நாள் ஒரு வேலியோரத்தில் கிடைத்தது. தங்கச்சி கிடைக்கவில்லை.

அந்தக் கிழமை ஏழு நாளும் ஆட்களைக் கிடைத்த இடத்தில் கிடைத்த துணியால் சுற்றிப் புதைத்தார்கள். யாரை எங்கே புதைத்தோம் என்று புதைத்தவர்களுக்கே ஞாபகமில்லை. மச்சான் ஆஸ்பத்திரி வளவு, காரைதீவுப் பக்கம், களப்போரம் என்று நடந்தார். யாராவது அவள் செத்ததாக நினைத்து மௌத்து என்ற சொல்லை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். “கிடைக்கல்ல” என்பார், அவ்வளவுதான். முகாம் கூடாரத்தில் மகளோடு ஒரு வருசத்துக்கு மேல் இருந்தார். வேலைக்கு வருவார், சொன்னதைச் செய்வார். சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

அப்படி இருந்த காலத்தில்தான் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் அலுவலக வேலை வந்தது. கடற்கரை வீதியில் கீழ்த்தளம் அடித்துப்போய் மேல்தளம் மிஞ்சிய ஒரு மாடிவீட்டைத் திருத்தி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீடு இழந்தவர்களின் விபரமெல்லாம் அந்தச் சேர்வருக்குள் போகப்போகிறது என்றார் பொறுப்பாளர். சேர்வர் மாடியில்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் அரிசி மூட்டைகூட மேசைக்கு மேலேதான் இருந்தது.

சேர்வரைப் பூட்டுகிற இரும்பு ராக்கையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தால், மச்சான் மின்சாரம் நின்றால் சேர்வரைத் தாங்குகிற பற்றரிகளை உச்சித்தட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் கல்லுப் பாரம். உச்சியில் பாரம் வைத்தால் ராக்கை ஒரு நாள் யாருடைய தலையிலாவது கவிழும். இது புத்தகத்தின் முதல் படம்.

“மச்சான், அதக் கீழ வைங்க. பாரம் அடியிலதான் இரிக்கணும்.”

“தண்ணி வந்தா அடியில இரிக்கிறதுதானே முதல்ல போகும்?”

“நாம மாடியில நிக்கிறம். இதுக்கு மேலயும் தண்ணி வருமெண்டா சேர்வர் இருந்தென்ன, போயென்ன?”

“வந்திச்சே,” என்றார். சுவரில் முழங்காலளவில் ஒரு மண்ணிறக் கோடு இருந்தது. புதுப் பெயின்ற் அடித்தும் அது மறையவில்லை.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோடு உண்மை, ஆனால் பற்றரியும் பாரம். வாக்குவாதப்பட்டு ஒருமாதிரி அடித்தட்டுக்கு இறக்குவித்தேன்.

அடுத்தது எர்த். எங்கேயாவது ஒரு வயர் கடிபட்டு மின்சாரம் ராக்கையின் இரும்பில் ஏறிவிட்டால் அது மண்ணுக்குள் இறங்கிப்போக ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் இரும்பைத் தொடுகிற ஆளுக்கூடாக இறங்கும். வயற்காணிப் பக்கம் என்றால் ஒரு கம்பியை அடித்தாலே போதும், களிமண் வாங்கிக்கொள்ளும். எங்கள் கடற்கரை மணல் வரண்டு கிடப்பது, எதையும் வாங்காது. ஈர மணல் தட்டும்வரை ஆளுயரத்துக்குத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செப்புக் கம்பியை நட்டு மூட வேண்டும். முன்பக்கம் முழுக்கச் சீமெந்து. பக்கங்களில் ஆள் நுழையத்தான் இடம். மண் என்று இருந்தது பின்வளவு மட்டும்தான். அதன் மதிலுக்கு அப்பால் கடல்.

மச்சான்தான் குழிக்குள் இறங்கினார். நான் மாடியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

“மச்சான், இஞ்ச வாங்க. இதுக்குள்ள ஆரோ இரிக்காங்க.”

மார்பளவு குழி. அடியில் ஒரு துணி, மண்ணோடு மண்ணாகக் கறுத்து, ஓரத்தில் மட்டும் மஞ்சள் பூக்கள் தெரிந்தன. அதற்குப் பக்கத்தில் மண்வெட்டி தட்டிய இடத்தில் ஒரு எலும்பின் நுனி. மச்சான் அதற்குமேல் ஒரு பிடி மண்ணும் எடுக்கவில்லை. ஏறி வந்து கைகால் முகம் கழுவி, ஒளு எடுத்து, மண்வெட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடத் தொடங்கினார். நானும் குந்தியிருந்து தள்ளினேன்.

பொறுப்பாளர் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றார். “சொன்னா வந்து கிண்டுவாங்க சேர். பையில அள்ளிக்கொண்டு போவாங்க. பிறகு ஆருக்குத் தெரியும் எங்க போகுமெண்டு?” என்று மச்சான் கேட்டார். அவர் அந்த அளவு பேசி நான் கண்டு எவ்வளவோ காலம். பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டோம். மூடின கபுறைச் சும்மா திறக்கப்படாது, அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். பொறுப்பாளரும் நல்ல மனுசன், விட்டுவிட்டார்.

எர்த்துக்கு வேறு இடமில்லை. பின்வளவு மூலையில் ஒரு பழைய குழாய்க் கிணறு இருந்தது. இரும்புக் குழாய் நிலத்தடித் தண்ணீர் வரை இறங்கியிருந்தது. மச்சான் பச்சை எர்த் வயரை மாடியிலிருந்து இறக்கி அந்தக் குழாயில் முறுக்கி இறுக்கினார். மீற்றர் வைத்துப் பார்த்தோம். குழி தோண்டினால் வருவதைவிட நல்ல அளவு. புத்தகம் இதை ஒத்துக்கொள்ளாது. மீற்றர் ஒத்துக்கொண்டது. சேர்வரை ஓடவிட்டோம்.

அன்று பின்னேரம் மச்சான் என் கணினிக் கடைக்கு வந்து குந்தினார்.

“பொம்புளதான் மச்சான். உடுப்பப் பாத்தாத் தெரியல்லியா?”

ஒரு கிழமைக்குப் பிறகு: “ஒங்கட தங்கச்சிட கவுன்லயும் மஞ்சப் பூத்தான் இரிந்திச்சு.”

அந்த மஞ்சள் பூத் துணி அந்த வருசம் கல்முனைச் சந்தையில் எல்லாக் கடையிலும் தொங்கியது. என் வீட்டிலும் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மாதம் முடிவதற்குள் “ஒங்கட தங்கச்சிட கபுறு” என்று அவர் வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கிவிட்டார். அலுவலகத்தில் யாரும் மறுக்கவில்லை. பின்வளவில் சைக்கிள் நிறுத்துவதைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். யாரோ அந்த இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து அவர் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போவார். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. உம்மா மௌத்தானாலும் வாப்பா மௌத்தானாலும் வாசலோடு சரி, கபுறடிக்குப் போவது ஆண்கள் மட்டும்தான். ஆனால் இது அலுவலகத்தின் பின்வளவு, யார் தடுப்பது? அவள் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கல்லுக்கு வெளியே நின்று கையேந்துவாள், வாப்பாவைப் பார்த்துப் பார்த்து வாயசைப்பாள். பிறகு ஒரு போத்தல் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு வருவார்கள்.

மச்சான் மாறினார். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சோற்றுப் பார்சலை முடிக்கிற அளவுக்கு வந்தார். கூடாரத்தை விட்டு, என் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை போட்டு மகளோடு வந்து இருந்தார். என்னோடு பகிடி விட்டார். “புத்தகத்தில என்ன போட்டிரிக்காம் மச்சான், தும்மினாக் கையக் கழுவணுமாமா?” என்று ஆட்களுக்கு முன்னால் என்னைக் கேலி பண்ணினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு துண்டுத் துணி ஒரு மனுசனை எழுப்பி நடக்க வைக்குமென்றால் நான் யார் அதை மறுத்துப் பேச? இனி எல்லாம் சரிவரும் என்று நான்கூட நினைத்தேன். மடையன்.

ஒரு மாரி காலம். நான் அக்கரைப்பற்றில் வேறு வேலையில் இருந்தேன். சேர்வர் நின்றுவிட்டது என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட, மச்சான் தனியே போனார். கணினி அறைக்குள் தூசு போகக்கூடாது என்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். எங்கள் ஊரில் எல்லாக் கணினி அறையிலும் அப்படித்தான், பள்ளிவாசலுக்குப் போவது மாதிரி. அவர் போட்டிருந்தது தடித்த றப்பர் செருப்பு. அதைக் கழற்றினார். யன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரை நனைந்திருந்தது. வெறுங்காலோடு போய் ராக்கையின் இரும்பைப் பிடித்தார்.

நான் வந்து சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருந்தார்கள். ஏற்றும்போதே முடிந்திருந்ததாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். ராக்கைக்குப் பின்னால் எலி ஒரு வயரைக் கடித்து, செம்பு இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது. இப்படி ஒன்று நடந்தால் விழ வேண்டிய ட்ரிப் சுவிட்ச், மழைக்கு அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று யாரோ அதைத் தவிர்த்து வயரை நேராகப் போட்டிருந்தார்கள். சரி, எர்த் என்னாயிற்று? கீழே இறங்கிப் பின்வளவுக்குப் போனேன். குழாய்க் கிணற்றில் புத்தம் புதிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் நின்றது. கடல் வந்ததிலிருந்து தண்ணீர் உப்பு, கிணறுகளைத் திருத்திக் கொடுக்கிறோம் என்று தண்ணீர்த் திட்டக்காரர்கள் வந்து துருப்பிடித்த இரும்பைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். குழாயில் கட்டியிருந்த பச்சை வயரை வெட்டி, வட்டமாகச் சுற்றி, மதிலில் ஒரு ஆணியடித்து அழகாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்று கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் நல்லது செய்ய வந்தவர்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நாட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வயரை வெட்டியது ஒரு மனுசன், குறடு ஒன்றால். இதைச் சொன்னால் என்னை ஈமான் இல்லாதவன் மாதிரிப் பார்த்தார்கள். சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மச்சானின் கபுறுக்கு மையவாடியில் தலைமாட்டு அடையாளமாக மீஸான் கட்டை நட்டோம். மகள் வாசலில் நின்றாள், அவ்வளவுதான். அவள் எங்களோடு, என் மனைவியின் கைப்பாட்டில் வளர்ந்தாள். அழுகிற பிள்ளை இல்லை. வாப்பா போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“மாமா, உம்மாட்டப் போவமா?”

அன்றிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்று அவள் இருவருக்கும் சேர்த்தே ஓதினாள்; வாப்பாவின் கபுறடிக்குப் போக அவளுக்கு வழியில்லை. உலகத்தில் அவள் போய் நிற்கக்கூடிய கபுறு அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்த கிழமை சந்தியில் வெடி கொளுத்தினார்கள், றோட்டில் போகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. இனிக் குண்டு வெடிக்காது, நல்லதுதான். செத்தவர்கள் எந்தப் பக்கத்தில் என்றாலும் திரும்பி வரப்போவதில்லை என்ற நினைப்போடு கையைக் கழுவினேன். கொஞ்ச நாளில் உதவி நிறுவனம் வடக்கே வேலை கூடிவிட்டது என்று மூட்டை கட்டியது. அந்த மாடிவீட்டை வேறொரு அலுவலகம் எடுத்தது. புதுச் சேர்வர் வந்தது. அதோடு கொழும்பிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், உள்ளூர் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒருவன் கையில் அதே சிறு புத்தகம். அவனும் வாசித்திருந்தான். என்னை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டான். “இங்கதானே நானா, ஒருத்தர் கரண்ட் அடிச்சு மௌத்தான?” என்று கேட்டான். ஓம் என்றேன். செத்தவர் எனக்கு யார் என்று சொல்லவில்லை. “அப்ப எர்த் குழி இல்லாம நாங்க பவர் போடமாட்டோம்.”

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டில் ஒருவர் செத்ததால்தான் இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடக்கப்போகிறது. முன்னால் சீமெந்து, பக்கத்தில் புதுத் தண்ணீர்த் தாங்கி, மூலையில் குழாய்க் கிணறு. கல் அடுக்கிய இடம்தான் மிச்சம். அது கபுறு என்று சொன்னேன். அப்படியென்றால் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அறிவித்து முறைப்படி தோண்டி எடுக்க வேண்டி வரும் என்றார்கள். அதுவும் சரிதான். ஊர் திரண்டு நிற்க, பிள்ளையின் கண் முன்னால் பையில் அள்ளுவார்கள்.

முதலில் நானே தோண்டிப் பார்க்கிறேன், பிறகு அறிவியுங்கள் என்றேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த காலை நேரம். ஒளு எடுத்தேன், பிஸ்மி சொன்னேன், கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். மெள்ள மெள்ளத்தான் வெட்டினேன். எலும்பைக் கண்டால் ஒரு வெள்ளைத் துணியில் எடுத்துச் சுற்றி, யாருக்கும் சொல்லாமல் மையவாடியில் மச்சானுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று துணியும் வாங்கி வைத்திருந்தேன். மார்பளவில் அந்த மஞ்சள் பூ தெரிந்தது. மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டுக் கையால் விலக்கினேன்.

துணி நீளமாக வந்தது. அதன் ஓரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் வளையங்கள். யன்னல் திரை. அதற்குள் பக்குவமாகச் சுற்றியபடி எலும்புகள், கழுத்துக் கயிற்றின் ஒரு துண்டு, சிறிய கொம்பு ஒன்று.

மேலே நின்ற இளைஞன் எட்டிப் பார்த்தான். “ஆடு நானா,” என்றான். அவனுக்கு நிம்மதி, சிரித்துவிட்டான். “பிரச்சினை முடிஞ்சுது.”

நான் குழிக்குள்ளேயே குந்திவிட்டேன். கடலில் செத்த தங்கள் ஆட்டை யாரோ வீட்டுத் திரையைக் கழற்றிச் சுற்றி, இவ்வளவு ஆழம் தோண்டி வைத்திருக்கிறார்கள். என் தங்கச்சிக்கு அந்த அளவாவது கிடைத்ததா, தெரியாது. இந்த ஆட்டுக்காகத்தான் மச்சான் குழியை மூடினார். மூடாமல் இன்னும் ஒரு வெட்டு வெட்டியிருந்தால் கொம்பு தெரிந்திருக்கும். அன்றைக்கே எர்த் நட்டு முடித்திருப்போம், அவர் உயிரோடு இருந்திருப்பார். திரும்பவும் “கிடைக்கல்ல” என்று சொல்லிக்கொண்டு, சோற்றைத் திறந்து மூடிக்கொண்டு இருந்திருப்பார். இரண்டில் எது நல்லது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

வாங்கி வைத்த வெள்ளைத் துணியில் ஆட்டின் எலும்புகளைக் கட்டி மதிலோரமாகப் புதைத்தேன். பிறகு ஈர மணல் வரைக்கும் இறங்கிக் கரி போட்டோம், உப்புப் போட்டோம், செப்புக் கம்பி நட்டோம். மூடிய மண்ணுக்கு மேல் கொங்கிறீட் பலகை ஒன்றைப் பதித்து, நடுவில் தண்ணீர் ஊற்ற ஒரு துவாரம் விட்டார்கள். புத்தகத்தில் உள்ளபடி ஒரு குறையும் இல்லாத வேலை.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிப்போகாமல் விட ஒரு சாட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. வழி நெடுகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். பின்வளவுக்குள் நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். பலகையைப் பார்த்தாள். வாப்பா போனதற்குப் பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

“மாமா, உம்மாட கபுறக் கட்டிட்டாங்களா?”

நான் வாயைத் திறந்தேன். “ஓம் மகள்,” என்றுதான் வந்தது.

“ஓட்ட ஒண்டு வெச்சிரிக்காங்க. தண்ணி ஊத்தவா?”

“ஓம் மகள். ஊத்துங்க. நல்லா ஊத்துங்க.”

கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். காயவிடாமல் கிழமைக்கு ஒருமுறையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை அலுவலகங்களில் ஒருவரும் செய்வதில்லை. இவள் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. துவாரத்துக்கு நேரே குந்தியிருந்து, ஓதி முடித்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை போத்தலைச் சரித்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். நானும் பக்கத்தில் நின்று கையேந்துவேன். வருசா வருசம் மீற்றர் வைத்துப் பார்க்கிறவர்கள் இந்தக் கடற்கரையில் இவ்வளவு நல்ல எர்த் வேறெங்கும் இல்லை என்கிறார்கள்.